குடும்பத்தோடு குடிபெயருமுன்...

 

‘சபர்’ என்னும் சொல் நம் கடற்கரை ஊர்களுக்குப் புதிதன்று. கொழும்பு, ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர், சைகோன் என்று நம் முன்னோர்கள் கப்பலேறினார்கள். 1970களில் துபாய், குவைத், சவூதி என்று விமானமேறத் தொடங்கினார்கள். இடங்கள் மாறினாலும் அந்தச் சபர்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு பொது வழக்கம் இருந்தது. ஆண்பிள்ளை போவார், வீடு போகாது. தாயும் தாரமும் பிள்ளைகளும் ஊரிலேயே இருப்பார்கள். சபராளி எந்தச் சீமையில் எத்தனை ஆண்டுகள் இருந்தாலும் அவர் வீட்டில் பாங்கோசை கேட்கும். பிள்ளைகள் ஓதப் போவார்கள். நல்லது கெட்டது இரண்டுக்கும் ஜமாஅத் வந்து நிற்கும்.

இன்று கேட்கப்படும் கேள்வி வேறு. வீட்டையே பெயர்த்து எடுத்துச் செல்லலாமா என்பதே அது. “இங்கிலாந்தில் நல்ல உத்தியோகம் கிடைத்திருக்கிறது, மனைவி மக்களையும் அழைத்துக்கொண்டு அங்கேயே தங்கிவிடலாம் என்கிறார்கள், மார்க்கத்தில் இது கூடுமா, கூடாதா?” என்று உலமாக்களிடம் வந்து கேட்கிறார்கள். கூடும் என்றால் பெட்டியைக் கட்டுகிறார்கள். கூடாது என்றால் வேறோர் ஆலிமைத் தேடிப் போகிறார்கள்!

இது ஒற்றைச் சொல்லில் அடங்கிவிடும் விஷயமன்று. எதை எடுத்துச் செல்கிறோம், எதை விட்டுச் செல்கிறோம், அதன் பாரத்தை யார் சுமக்கப்போகிறார் என்ற மூன்றையும் எடைபோட்ட பிறகே பயணச் சீட்டைப் பற்றிப் பேச வேண்டும். இங்கிலாந்தையே உதாரணமாக வைத்துக்கொண்டு இதைச் சற்று ஆராய்வோம்.

போவதற்கு அனுமதி உண்டா?

அல்லாஹ்வின் பூமி விரிந்து பரந்தது என்பதைத் திருக்குர்ஆன் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் நினைவூட்டுகிறது. சொந்த மண்ணில் ஈமானைக் காத்துக்கொள்ள முடியாமல் நசுக்கப்பட்டும், வெளியேறச் சக்தியிருந்தும் வெளியேறாமல் இருந்துவிட்டவர்களை ‘அன்னிஸா’ அத்தியாயத்தின் 97ஆம் வசனம் கடுமையாகக் கண்டிக்கிறது. ஆக, ஊரைவிட்டுப் பெயர்வது சில நேரங்களில் கடமையாகவே ஆகிவிடுகிறது.

முஸ்லிம்களின் முதல் ஹிஜ்ரத் எங்கே நடந்தது? மதீனாவுக்கு அன்று, அபிஸீனியாவுக்கு! நுபுவ்வத்தின் ஐந்தாம் ஆண்டு, அதாவது கி.பி. 615இல், ஒரு கிறிஸ்தவ மன்னரின் நாட்டுக்கே ஸஹாபாக்கள் கடல் கடந்தார்கள். நாயகம் (ஸல்) அவர்களின் அருமை மகளார் ருகையா (ரலி) அவர்களும், அவர்தம் கணவர் உஸ்மான் (ரலி) அவர்களும் அந்த முதல் கூட்டத்தில் இருந்தார்கள். பாஷை வேறு, உணவு வேறு, வேதம் வேறு. ஆனால் அந்த நாட்டின் அரசர் நஜ்ஜாஷி அநீதி இழைக்காதவர் என்பதே அந்நாடு தேர்ந்தெடுக்கப்பட்டதற்குக் காரணம். இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். ‘நம்மைப் போன்றவர்கள் வாழும் நாடு’ என்று பார்க்கப்படவில்லை. ‘நீதி கிடைக்கும் நாடு’ என்றே பார்க்கப்பட்டது.

முஷ்ரிக்குகளிடையே குடியிருப்பதைக் கண்டிக்கும் ஹதீஸை எடுத்துக்காட்டிச் சிலர் எச்சரிக்கிறார்கள். அந்த எச்சரிக்கையை இலேசாக எண்ணிவிடக் கூடாது. ஆனால் தன் தீனுக்குப் பாதுகாப்பில்லாதவரைக் குறித்தே அது வந்துள்ளது என்று ஹாபிள் இப்னு ஹஜர் (ரஹ்) அவர்கள் விளக்கியுள்ளார்கள். ஹிஜ்ரி 450இல் வபாத்தான ஷாபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் மாவர்தீ (ரஹ்) அவர்களோ இன்னும் ஒரு படி மேலே செல்கிறார்கள். முஸ்லிமல்லாதாரின் நாட்டில் ஒருவர் தம் மார்க்கத்தை வெளிப்படையாகப் பேண முடியுமானால், அங்கிருந்து வெளியேறுவதைவிட அங்கே தங்கியிருப்பதே மேல் என்பது அவர்கள் கருத்து. அவரைக் கண்டு பிறர் இஸ்லாத்தை அறிந்துகொள்ளக் கூடுமல்லவா?

எனவே ‘அது வேறு கலாசாரம்’ என்ற ஒரே காரணத்துக்காகப் போகக் கூடாது என்று சொல்வதற்கில்லை. அதே சமயம், அனுமதி இருக்கிறது என்பதாலேயே எல்லாரும் போகலாம் என்றும் சொல்வதற்கில்லை. அபிஸீனியாவுக்குச் சென்ற உம்மு ஹபீபா (ரலி) அவர்களின் கணவர் அங்கே மார்க்கத்தை விட்டுவிட்டதாகச் சரித்திர நூல்களில் காணப்படுகிறது. அவர்களோ அந்நிய மண்ணில் தன்னந்தனியாக நின்று ஈமானைக் காத்தார்கள். ஒரே நாடு, ஒரே கூரை. ஆனால் முடிவு இரண்டு! நாடு மட்டும் எவரையும் கெடுப்பதுமில்லை, காப்பதுமில்லை.

மார்க்கம் எது? வழக்கம் எது?

வேற்றூருக்குப் போகிறவர் முதலில் தம் வீட்டுச் சாமான்களைப் பிரிப்பதுபோலத் தம் பழக்கங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நம்மிடம் உள்ளவற்றில் அல்லாஹ்வும் ரசூலும் சொன்னவை எவை? நம் பாட்டிமார் சொன்னவை எவை?

ஒரு முறை நாயகம் (ஸல்) அவர்களின் முன்னால் பொரித்த உடும்பு இறைச்சி வைக்கப்பட்டது. அவர்கள் கையை இழுத்துக்கொண்டார்கள். “இது ஹராமா?” என்று காலித் இப்னு வலீத் (ரலி) கேட்டார்கள். ஹராமில்லை என்றும், தம் கூட்டத்தார் வாழும் பூமியில் இது இல்லாததால் மனம் ஒப்பவில்லை என்றும் பெருமானார் விளக்கினார்கள். காலித் (ரலி) அதே இடத்தில் அதை இழுத்துவைத்து உண்டார்கள், பெருமானார் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இந்தச் சிறு சம்பவத்தில் நமக்குப் பெரும் படிப்பினை இருக்கிறது. மனம் ஒப்பாதது எல்லாம் ஹராமில்லை. இங்கிலாந்தில் மேலதிகாரியைப் பெயர் சொல்லி அழைக்கிறார்கள். அது நமக்கு மரியாதைக் குறைவாகப் படும். ஆனால் அது பாவமில்லை. அண்டை வீட்டார் முன்னறிவிப்பின்றி வருவதில்லை. நம்மையும் அப்படி எதிர்பார்ப்பதில்லை. அது நமக்கு அன்பில்லாத தன்மையாகத் தோன்றும். ஆனால் அனுமதி பெறாமல் அடுத்தவர் வீட்டில் நுழையாதீர்கள் என்று ‘அந்நூர்’ அத்தியாயம் போதித்திருப்பதை நாம் எத்தனை பேர் கடைப்பிடிக்கிறோம்? இதற்கு மாறாக, உத்தியோக விருந்தில் மது ஊற்றிக் கொடுப்பதும், வட்டிக் கடனில் வீடு வாங்குவதும் அந்த ஊரில் வெகு சாதாரணம். அவை அங்கே சாதாரணம் என்பதால் நமக்கு ஹலாலாகிவிடமாட்டா. அந்நியமானதை எல்லாம் ஹராமென்று வெறுப்பவரும், சாதாரணமானதை எல்லாம் ஹலாலென்று ஏற்பவரும் ஒரே தவற்றைத்தான் செய்கிறார்கள். இருவருமே வழக்கத்தை மார்க்கத்தின் இடத்தில் வைத்துவிடுகிறார்கள்.

நம் பக்கத்திலும் இதைப் பார்க்க வேண்டும். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களிலும் இலங்கையின் கிழக்குக் கரையிலும் மகளுக்கு வீடு கொடுத்து, மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து தங்குவது வழக்கம். அழகான வழக்கம், பெண்ணுக்குப் பாதுகாப்பான வழக்கம். ஆனால் அது பர்ளுமன்று, சுன்னத்துமன்று. அதை விட்டுச் செல்வதால் குற்றமில்லை. இஸ்லாமியச் சட்டத்தில் வழக்கத்துக்கு ஓர் இடமுண்டு. சட்டத்தின் ஐந்து மூலவிதிகளில் ஒன்றே வழக்கத்தைப் பற்றியது. ஆனால் வழக்கம் ஊரோடு மாறும். மார்க்கம் ஊரோடு மாறாது.

மக்காவிலிருந்து மதீனாவுக்குப் போனவர்களுக்கே இந்த அனுபவம் ஏற்பட்டது. குறைஷியர் பெண்களை அடக்கி வைத்திருந்தவர்கள். மதீனாவின் அன்ஸாரிகளிடையிலோ பெண்களின் கை ஓங்கியிருந்தது. நம் பெண்களும் அவர்களைப் பார்த்துப் பழகிக்கொண்டார்கள் என்று உமர் (ரலி) அவர்களே சொல்லியிருக்கிறார்கள். அவர்களுடைய மனைவியார் அவர்களுக்குப் பதில் பேசத் தொடங்கினார்கள்! அது உமருக்குப் புதிதாக இருந்தது. நாயகத்தின் மனைவியரும் அப்படிப் பேசுவதுண்டு என்று மனைவியார் சொன்னபோது அவர்கள் திடுக்கிட்டார்கள். நாயகமோ அதைப் பொறுத்துக்கொண்டு வாழ்ந்தார்கள். ஒரே மார்க்கம், ஒரே பாஷை கொண்ட இரண்டு ஊர்களுக்கிடையிலேயே குடும்ப வாழ்வு இப்படி மாறியது என்றால், சமுத்திரம் தாண்டிப் போகிறவர் ‘என் வீட்டில் எதுவும் மாறாது’ என்று எண்ணுவது பேதைமை.

ஊர் தாங்கும் தீன்

இனி ஒரு கசப்பான கேள்வி. நாம் இங்கே தொழுவது நம்முடைய தக்வாவாலா, ஊருடைய தயவாலா?

நம் ஊரில் பாங்கு நம்மை எழுப்புகிறது. ரமளான் வந்தால் கடைத்தெருவே நோன்பு வைக்கிறது. இறைச்சி வாங்கும்போது ஹலாலா என்று விசாரிக்க வேண்டியதில்லை. பிள்ளை தொழாவிட்டால் பள்ளிவாசலில் ஒரு பெரியவர் காதைப் பிடித்துக் கேட்பார். நம் தீனை இப்படி ஆயிரம் கைகள் தாங்கிக்கொண்டிருக்கின்றன. அவற்றைக் கண்ணால் காண்பதில்லை. ஊரைவிட்ட பிறகே அவை இருந்தது தெரியும்.

லண்டனில் டிசம்பர் மாதம் பிற்பகல் நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். லுஹர், அஸர், மஃரிபு மூன்றும் உத்தியோக நேரத்துக்குள்ளேயே வந்து போய்விடும். ஜூன் மாதத்திலோ இரவு ஒன்பது மணிக்குப் பிறகே மஃரிபு. வானத்தின் வெளிச்சம் இரவு முழுவதும் அடியோடு மறைவதில்லை. இஷாவையும் ஸுப்ஹையும் எப்படிக் கணக்கிடுவது என்பதில் உலமாக்களிடையே பல கருத்துகள் உள்ளன. 2016இல் ரமளான் ஜூன் மாதத்தில் வந்தபோது அங்குள்ளோர் 18 மணி நேரத்துக்கும் மேலாக நோன்பிருந்தார்கள். தாமே கேட்டு, தாமே தேடி, மேலதிகாரியிடம் சொல்லி அனுமதி பெற்றுத் தொழ வேண்டும். அங்கே நிறைவேற்றும் ஒவ்வொரு வக்தும் ஒரு தீர்மானத்தின் பேரில் நடப்பதாகும்.

இதனால் சிலர் அங்கே போய் உறுதிப்பட்டார்கள். ஊரில் வெள்ளிக்கிழமை மட்டும் பள்ளிக்கு வந்தவர் அங்கே ஐந்து வக்துக்கும் நேரம் பார்ப்பவரானதுண்டு. சிலர் அங்கே போய்க் கரைந்தும் போனார்கள். ஆகவே போகத் துடிப்பவர் ஒரு சோதனை செய்து பார்க்கட்டும். பாங்கு கேட்காத நேரத்தில், யாரும் பார்க்காத இடத்தில், இங்கே அவருடைய தொழுகை எப்படி இருக்கிறது? வியாபாரத்துக்காக வெளியூர் போய் விடுதியில் தங்கும் நாட்களில் அவர் எப்படி இருக்கிறார்? அங்கே நிற்பதே அவருடைய சொந்த தீன். எல்லை தாண்டிச் செல்லும்போது அவரோடு வரப்போவது அது ஒன்றுதான்.

பாரத்தைச் சுமப்பவர் யார்?

குடிபெயர்வதால் வரும் சம்பளம் பெரும்பாலும் ஆணின் பெயரில் வருகிறது. தனிமை மனைவியின் பெயரில் வருகிறது. அவர் அலுவலகம் போய்விடுவார். நான்கு பேரோடு பேசுவார். தாய் வீட்டைவிட்டு ஒருநாளும் பிரிந்திராத பெண், குளிரடைத்த வீட்டில் பாஷை தெரியாமல் கைக்குழந்தையோடு இருப்பாள். பேறுகாலத்துக்கு உம்மா இல்லை. பிள்ளையை ஒரு நாழிகை வாங்கி வைத்துக்கொள்ளப் பெரியம்மா இல்லை.

இதை நம் புகஹாக்கள் அறியாமல் இல்லை. ஹனபி மத்ஹபின் பிரபல நூலான ‘ஹிதாயா’வில், மஹரைக் கொடுத்துவிட்ட கணவன் மனைவியைத் தான் விரும்பிய இடத்துக்கு அழைத்துச் செல்லலாம் என்று கூறிய கையோடு, இன்னொரு கருத்தும் பதிவாகியுள்ளது. அவளுடைய ஊரல்லாத வேற்றூருக்கு அவளை அழைத்துச் செல்லக் கூடாது. ஏனெனில் அந்நிய ஊரில் ஒரு பெண் துன்பத்துக்கு ஆளாவாள் என்பதே அது. ஊரைவிட்டு அழைத்துச் செல்லமாட்டேன் என்று நிக்காஹின்போது நிபந்தனை ஏற்றிருந்தால் அதைக் காப்பாற்றியாக வேண்டும் என்பது ஹன்பலி மத்ஹபு. சட்டத்தில் இமாம்களின் கருத்துகள் வேறுபடலாம். ஆனால் மனைவியின் மனத்தைக் கேட்க வேண்டியதில்லை என்று வாதிடுவதற்கு மார்க்கத்தைத் துணைக்கு அழைப்பவர், தம் இல்லத்தாரின் வேலைகளைத் தாமே செய்த நாயகத்தின் சுன்னத்தையும் சேர்த்தே அழைக்கட்டும். இங்கிலாந்தில் வேலைக்காரி கிடைப்பது அரிது. பாத்திரம் துலக்கத் தயாரில்லாதவர் குடும்பத்தை அங்கே அழைத்துச் செல்லத் தயாரில்லாதவர் என்றே நாம் சொல்வோம்.

அபிஸீனியாவிலிருந்து ஹிஜ்ரி 7இல் திரும்பி வந்த அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) அவர்களின் வரலாறு இங்கே நினைவுக்கு வருகிறது. ஹிஜ்ரத்தில் நாங்களே உங்களை முந்தியவர்கள் என்று உமர் (ரலி) சொன்னபோது, அந்த அம்மையாருக்குக் கோபம் வந்துவிட்டது. நீங்கள் ரசூலுல்லாஹ்வின் அருகிலேயே இருந்தீர்கள், பசித்தவருக்கு அவர்கள் உணவளித்தார்கள், அறியாதவருக்குக் கற்பித்தார்கள், நாங்களோ தொலைவான அந்நிய பூமியில் கிடந்தோம் என்று சுடச்சுடப் பதிலளித்தார்கள். நாயகத்திடமே போய் முறையிட்டார்கள். நாயகம் (ஸல்) அவர்கள், மதீனாவுக்கு வந்தோருக்கு ஒரு ஹிஜ்ரத்தின் நன்மை, கப்பலில் வந்தோருக்கு இரண்டு ஹிஜ்ரத்தின் நன்மை என்று தீர்ப்பளித்தார்கள். அந்நிய மண்ணில் ஒரு பெண் சுமந்த பாரத்துக்கு அல்லாஹ்வின் ரசூலே எடை போட்டுக் கொடுத்தார்கள்! நாம் அதைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

அடுத்து, பெற்றோர். ஹிஜ்ரத் செய்வதற்கு பைஅத் கொடுக்க வந்த ஒருவர், தம் பெற்றோரை அழவிட்டு வந்ததாகச் சொன்னார். திரும்பிப் போய், அழவைத்தது போலவே அவர்களைச் சிரிக்கவும் வைக்குமாறு நாயகம் (ஸல்) அவரைத் திருப்பி அனுப்பினார்கள். ஹிஜ்ரத்துக்கே இதுதான் நிலை என்றால் உத்தியோகத்துக்கு என்ன நிலை? வேறு பிள்ளைகள் கவனித்துக்கொள்ள, மனமுவந்து வழியனுப்பும் பெற்றோர் வேறு. படுக்கையில் கிடக்கும் தாய்க்கு ஒரே மகனாக இருப்பவரின் சட்டம் வேறு. கைப்பேசியில் முகம் பார்க்கலாம். தலையணையைச் சரிசெய்து வைக்க முடியாது.

பிள்ளைகளோ கேட்கப்படாமலே அழைத்துச் செல்லப்படுகிறவர்கள். அவர்களுக்கு அது வேற்றூரன்று, அதுவே ஊர். ஜஃபர் (ரலி) அவர்களின் மகனார் அப்துல்லாஹ் அபிஸீனியாவில் பிறந்தவர்கள்தாம். ஆனால் ஜஃபரின் வீட்டில் பிறந்தார்கள். வீட்டில் ஸலாம் சொல்லும் பழக்கமும், சேர்ந்து தொழும் பழக்கமும், தமிழில் பேசும் பழக்கமும் இருந்தால் பிள்ளைக்கு நிற்பதற்கு ஓரிடம் இருக்கும். ‘வாரம் ஒரு நாள் மதரஸாவுக்கு அனுப்பினால் போதும், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்’ என்று நினைப்பவர், ஊர் செய்த வேலையைச் செய்ய அங்கே ஊர் இல்லை என்பதை மறந்துவிடுகிறார்.

முஸாபிரா? முகீமா?

பிக்ஹுச் சட்டத்தில் ஒரு விந்தை உண்டு. ஓர் ஊரில் 15 நாட்கள் தங்குவதாக நிய்யத் செய்த மாத்திரத்தில் ஹனபி மத்ஹபின்படி ஒருவர் முகீமாகிவிடுகிறார். ஷாபிஈ மத்ஹபில் வந்த நாள், போகும் நாள் நீங்கலாக 4 நாட்கள் போதும். பிறகு கஸ்ர் கிடையாது, முழுத் தொழுகையே. ஆனால் நம்மவர் சிலர் 20 ஆண்டுகள் ஒரு நாட்டில் வாழ்ந்தும் உள்ளத்தால் முஸாபிராகவே இருக்கிறார்கள். அந்த ஊரின் நன்மைகள் மட்டும் வேண்டும். அண்டை வீட்டார் யாரென்று தெரியாது.

குடியிருக்கப் போகிறவர் குடியிருப்பவரின் கடமைகளையும் ஏற்க வேண்டும். அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்கள் தம் வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது, பக்கத்து வீட்டு யூதருக்குக் கொடுத்தீர்களா என்றே திரும்பத் திரும்ப விசாரித்தார்கள். அதுபோலவே விஸா என்பது ஓர் ஒப்பந்தம். ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு ‘அல்மாயிதா’ அத்தியாயத்தின் முதல் வசனமே கட்டளையிடுகிறது. பொய்ச் சான்றிதழ் காட்டியும், இல்லாத ஆபத்தைச் சொல்லி அடைக்கலம் கேட்டும் நுழைகிறவர், அந்த நாட்டின் கலாசாரம் தம் பிள்ளையைக் கெடுத்துவிட்டதாகப் பிற்காலத்தில் புலம்புவதில் என்ன பொருள்? முதல் பொய்யை அவரே அல்லவா பெட்டியில் வைத்து எடுத்துச் சென்றார்!

முடிவெடுக்கும் முறை

ஆகவே, போகலாமா என்று யோசிக்கும் குடும்பத்தாருக்கு நாம் சொல்வது இதுதான். முதலில் நிய்யத்தைச் சரிபாருங்கள். ஹிஜ்ரத்துக்கே அதன் நோக்கம் எதுவோ அதுதான் கூலி என்று நாயகம் (ஸல்) எச்சரித்துள்ளார்கள். கடனை அடைக்க, கல்வி பெற, ஹலாலான சம்பாத்தியம் தேட என்பன நல்ல நிய்யத்துகள். சம்பந்தி வீட்டார் போய்விட்டார்கள் என்பது நிய்யத்தன்று.

பிறகு மஷ்வரா செய்யுங்கள். அந்த மஷ்வராவில் மனைவியும், விவரம் தெரிந்த பிள்ளைகளும் பேசட்டும், நீங்கள் கேளுங்கள். அங்கே பல்லாண்டுகள் வாழ்ந்தவரிடம் சம்பளத்தை மட்டும் விசாரிக்காதீர்கள்; பள்ளிவாசல் எவ்வளவு தூரம், பிள்ளைகள் என்ன பாஷை பேசுகிறார்கள், மௌத்தானால் எங்கே அடக்குகிறார்கள் என்றும் விசாரியுங்கள். இயன்றால் முதலில் சில மாதங்கள் தனியே இருந்து பாருங்கள். எது நடந்தால் திரும்பி வந்துவிடுவோம் என்பதை இருவரும் இங்கேயே பேசி முடிவுசெய்துகொள்ளுங்கள். இஸ்திகாராத் தொழுது அல்லாஹ்விடம் ஒப்படையுங்கள். கனவு வரும் என்று காத்திருக்க வேண்டாம். எது ஹைரோ அதை அவன் இலேசாக்கித் தருவான்.

இவற்றையெல்லாம் பார்த்த பிறகு ‘போகவில்லை’ என்று முடிவெடுப்பவரைக் கோழை என்று எவரும் ஏசக் கூடாது. ‘போகிறோம்’ என்று முடிவெடுப்பவரை துன்யாவைத் தேடி ஓடுகிறார் என்று பழிக்கவும் கூடாது. ஒரே தராசில் நிறுத்தாலும் இரு குடும்பங்களின் எடை ஒன்றாக இராது.

போன பிறகு ஊர் நினைவு வந்து நெஞ்சை அடைக்கும். அதற்காக வெட்கப்பட வேண்டாம். மதீனாவுக்கு வந்த புதிதில் காய்ச்சலில் கிடந்த பிலால் (ரலி) அவர்கள், தம்மைச் சுடுமணலில் இழுத்துப் போட்டு வதைத்த அதே மக்காவின் நீர்நிலைகளையும் புல்லையும் நினைத்து ஏங்கிப் பாடினார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் அந்த ஏக்கத்தைக் கண்டிக்கவில்லை. மக்காவைப் போலவே மதீனாவையும் எங்களுக்குப் பிரியமானதாக ஆக்குவாயாக என்று துஆச் செய்தார்கள். பழைய ஊரின் பிரியத்தைப் பிடுங்கிவிடும்படி கேட்கவில்லை. புதிய ஊரின் பிரியத்தையும் சேர்த்துத் தரும்படிக் கேட்டார்கள்.

இருக்கும் ஊரிலும் போகும் ஊரிலும் வல்ல நாயன் நம் ஈமானையும் நம் இல்லத்தார் ஈமானையும் பாதுகாத்து, ஹலாலான ரிஸ்கையும் மனஅமைதியையும் தந்தருள்வானாக! ஆமீன்.